பெல்ட் வண்டி கத்தினால்: அட்ஜஸ்டரைத் தொடும் முன்

செயின் வண்டியில் பின்பக்கம் ஏதாவது சத்தம் வந்தால் நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் முதலில் நடப்பது ஒன்றுதான். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, பின்சக்கரத்தை முன்பின் நகர்த்தும் அட்ஜஸ்டர் திருகை ஒரு சுற்று இறுக்கி, “செயின் லூஸா இருந்துச்சு சார்” என்பார்கள். பெரும்பாலும் சத்தமும் நின்றுவிடும். ஏனென்றால் செயின் தளர்வது அன்றாட விஷயம். ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. நூற்றுச் சொச்சம் கண்ணிகளின் தேய்மானம் சேரும்போது செயின் நீள்கிறது.

செயினுக்குப் பதிலாகப் பல் வைத்த பெல்ட் பின்சக்கரத்தை ஓட்டும் வண்டியில் அந்தக் கதை இல்லை. பெல்ட் ரப்பர் மாதிரி தெரிந்தாலும் உள்ளே பாரத்தைத் தாங்குவது அராமிட் (வலுவான ஒரு செயற்கை இழை) அல்லது கார்பன் இழைகள். அவை நீள்வது மிகக் குறைவு. புது பெல்ட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் படியும், அவ்வளவுதான். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெல்ட் திடீரென்று தளர்ந்தோ இறுகியோ இருந்தால், “எவ்வளவு திருக வேண்டும்” என்று கேட்பதற்கு முன்னால் “கடைசியாகப் பின்சக்கரத்தைக் கழற்றியது யார்” என்று கேட்க வேண்டும். பத்தில் பாதிக்கு மேல் பதில் பஞ்சர் கடையிலோ டயர் கடையிலோ இருக்கும்.

நான் இங்கே சொல்வது பின்சக்கரத்தைப் பல் பெல்ட் ஓட்டும் பைக்குகளைப் பற்றி. 1980-இல் ஹார்லி டேவிட்சன் தன் ஸ்டர்ஜிஸ் மாடலில் இதைப் போட்டது; பிறகு அந்த நிறுவனத்தின் வண்டிகளில் இதுவே வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் இந்த பெல்ட் பலருக்கு அறிமுகமானது 2014-இல் வந்த ஸ்ட்ரீட் 750 மூலம். அது இப்போது செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டிருக்கிறது. ரிவோல்ட் ஆர்வி400 மாதிரியான மின் பைக்குகளிலும் பெல்ட்தான். ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450 ஸ்கூட்டரிலும் பின்சக்கரத்தை ஓட்டுவது பல் பெல்ட். ஸ்கூட்டர்களுக்கு இங்கே சொல்லும் அறிகுறிகள் பொருந்தும். ஆனால் இறுக்கும் அமைப்பு வேறாக இருக்கலாம், அதைச் சர்வீஸ் சென்டரில் விடுங்கள். பெட்ரோல் ஸ்கூட்டரில் கியருக்குப் பதிலாக ஓடும் வி-பெல்ட் வேறு சங்கதி. அதை இதில் குழப்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும் முதலிலேயே. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லும் இடத்திலெல்லாம் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், மின் வண்டி என்றால் சாவி கையில் இருக்க வேண்டும். பெல்ட்டுக்கும், அது சுற்றி ஓடும் பல் சக்கரமான புல்லிக்கும் நடுவே விரல் போனால், கையால் சுற்றும் வேகமே நகத்தைப் பிய்க்கப் போதும்.

முதலில் அளவு: விரலால் அழுத்திப் பார்ப்பது அளவு ஆகாது

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை, இப்போது பெல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்து எழுதி வைப்பது. எதையும் கழற்றத் தேவையில்லை.

செயினை விரலால் தூக்கிப் பார்த்து, ‘25, 30 மி.மீ. ஆடுது, சரி’ என்று சொல்லிவிடலாம். பெல்ட்டை அப்படிப் பார்க்க முடியாது. குறிப்பிட்ட விசையில் எவ்வளவு வளைகிறது என்பதுதான் கணக்கு. ஹார்லி வண்டிகளுக்கு அந்த விசை 10 பவுண்டு, அதாவது சுமார் 4.5 கிலோ. கீழ்ப்பக்கம் ஓடும் பெல்ட்டில், இரண்டு புல்லிகளுக்கும் நடுவில், அந்த விசையைக் கொடுக்கும்போது பெல்ட் எத்தனை மி.மீ. விலகுகிறது என்று பார்க்க வேண்டும். எத்தனை இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும் எண்தான் எண். வேறொருவர் வண்டியின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். ஒரே மாடலின் இரண்டு வருடத்து வண்டிகளுக்கே அளவு மாறியதுண்டு.

இதற்கென்று விற்கும் கேஜ் ஒரு குழாயும் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும்தான். வளையத்தை 0 கோட்டில் வைத்து, பெல்ட்டின் அடியில் முட்டுக் கொடுத்து, வளையம் 10 என்ற கோட்டுக்கு வரும்வரை தள்ளினால் வேலை முடிந்தது. அது இல்லையென்றால் விமானத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கையடக்கத் தராசு போதும். அகலமான துணி நாடாவை பெல்ட்டின் நடுவில் மாட்டி, தராசில் 4.5 வரும்வரை நேர் கீழே இழுங்கள். மெல்லிய கயிறோ கம்பியோ வேண்டாம். பெல்ட்டின் ஓரத்தை அறுக்கும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி, இழுப்பதற்கு முன்னால் பெல்ட்டின் கீழ் விளிம்பு எங்கே, இழுத்தபின் எங்கே என்று இன்னொருவர் பார்த்துச் சொன்னால் நல்லது. சில வண்டிகளில் பெல்ட் கார்டிலேயே ஜன்னல் மாதிரி வெட்டி, கோடுகள் போட்டிருப்பார்கள்.

அளக்கும்போது மூன்று விஷயங்கள் முடிவை மாற்றும். ஒன்று சூடு. ஓட்டிவிட்டு வந்தவுடன் எஞ்சின் கேஸும் அலுமினியப் புல்லிகளும் விரிந்திருக்கும்; பெல்ட் இறுக்கமாகக் காட்டும். இரவு நிறுத்தி வைத்து, காலையில் கிளப்புவதற்கு முன்னால் பாருங்கள். நம் ஊர் மே மாதத்தில் வெயிலில் நின்ற வண்டியும் ‘சூடான’ வண்டிதான்.

இரண்டாவது, வண்டி நிற்கும் விதம். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது பெல்ட்டின் இறுக்கம் மாறிக்கொண்டே இருக்கும். முன் புல்லியின் மையம், ஸ்விங் ஆர்ம் பிவட் (அது ஆடும் அச்சு), பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது இறுக்கம் உச்சத்துக்குப் போகும். ஆள் ஏறாமல் சைட் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் இருக்கும் ஆட்டம், இரண்டு பேர் ஏறி ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது இருக்காது. அதனால் கையேடு சைட் ஸ்டாண்டில் என்றால் சைட் ஸ்டாண்டில், நேராக நிறுத்தி என்றால் நேராக, ஆள் உட்கார்ந்து என்றால் ஆள் உட்கார்ந்து.

மூன்றாவது, சக்கரம் நிற்கும் இடம். ஒரு இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். சக்கரத்தைக் கால் சுற்றுக் கால் சுற்றாக நகர்த்தி நாலைந்து இடங்களில் அளந்து எழுதுங்கள். இவற்றில் மிகக் குறைவாக வளைந்த இடம், அதாவது மிக இறுக்கமான இடம்தான் உங்கள் கணக்குக்கு ஆதாரம்.

கீச் கீச் என்று கத்துகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். பெரும்பாலும் இதற்கும் இறுக்கத்துக்கும் சம்பந்தம் இருக்காது.

மெதுவாக உருட்டும்போது மட்டும் குருவி மாதிரி கத்தி, வேகம் எடுத்தவுடன் காணாமல் போகிறதா? பெல்ட்டின் ஓரம் புல்லியின் விளிம்பில் உரசுகிறது. நடுவில் புழுதி. எம்-சாண்ட் லாரி போகும் சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு இது வந்தே தீரும். குளிக்கும் சோப்போ பாத்திரம் கழுவும் திரவமோ கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மென்மையான பிரஷ்ஷால் பல்லையும் இரண்டு ஓரங்களையும் புல்லியின் பள்ளங்களையும் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, காயவைத்து ஓட்டிப் பாருங்கள். போய்விட்டால் விஷயம் முடிந்தது. அட்ஜஸ்டரைத் தொட வேண்டாம்.

இந்த இடத்தில் வாட்டர் சர்வீஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அடிப்பக்கத்து அழுக்கு போக டீசலையோ மண்ணெண்ணெயையோ பீய்ச்சி அடிக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. செயினுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. பெல்ட்டின் ரப்பருக்கு அது நல்லதில்லை. ஊறி, மெத்தென்று ஆகி, புழுதியை வேறு பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டியை விடும்போதே ‘இதில் பெல்ட், டீசல் அடிக்காதே தம்பி’ என்று சொல்லிவிட்டு, அவர் அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். செயின் லூப், கிரீஸ், பழைய எஞ்சின் ஆயில் எல்லாமே இதே கணக்குதான். பெல்ட் உலர்ந்த நிலையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது.

கழுவிய இரண்டாம் நாளே மறுபடி கத்தினால் அடுத்த சந்தேகம் நேர்க்கோடு, அதாவது அலைன்மென்ட். கீழே ஓரத்தில் ஓடும் பெல்ட் பற்றிய பகுதியைப் பாருங்கள். மழையில் நின்ற வண்டி காலையில் கொஞ்ச தூரம் கத்திவிட்டு அடங்குவதற்கு எதுவும் செய்யத் தேவையில்லை.

டிக், டிக் என்று சீராக ஒரு சத்தம்

கல். முதல் சந்தேகம் எப்போதும் கல்தான். ஆனால் கல் எங்கே என்று தேடி வண்டியடியில் படுப்பதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ் எடுங்கள். பின் டயரில் ஒரு கோடு, பெல்ட்டின் வெளிப்பக்கம் ஒரு கோடு. நியூட்ரலில் போட்டு, அமைதியான தெருவில் ஒருவர் வண்டியை மெதுவாகத் தள்ள, இன்னொருவர் பக்கத்திலேயே நடந்து கேட்க வேண்டும்.

டயர் கோடு ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் டிக் என்றால் கோளாறு பின் புல்லியிலோ சக்கரத்திலோ டிஸ்க்கிலோ இருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு மூன்று தடவை கேட்டால் முன் புல்லி. சக்கரம் ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றிய பிறகு, பெல்ட் கோடு திரும்பி வரும்போது மட்டும் கேட்டால் பெல்ட். பெல்ட்டில் இருக்கும் பற்கள் பின் புல்லியின் பற்களைப் போல் சுமார் இரண்டு மடங்கு என்பதால் இந்தக் கணக்கு. வண்டிக்கு வண்டி கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாது.

புல்லிப் பள்ளத்தில் கல் சிக்கியிருந்தால் மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் கைப்பிடியாலோ நெம்பி எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். கல்லைவிட அது அதிகக் கீறல் போடும். கல் போனபிறகு பெல்ட்டின் அந்தப் பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் சின்ன ஓட்டை விழுந்திருந்தால், அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடிக்கடி கவனித்தபடி ஓட்டலாம். ஓரத்தில் கல் கடித்திருந்தால் பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். கிழிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் விட்டாலும் ஒரு உதறல்

சிக்னலில் கிளம்பும்போது ‘டொக்’. கை விட்டதும் இன்னொரு ‘டொக்’. பெல்ட் தளர்வு என்று இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பல வண்டிகளில் பின் புல்லிக்கும் சக்கரத்துக்கும் நடுவே, ஹப்புக்குள், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் டேம்பர் ரப்பர்கள் உண்டு. அவை நசுங்கிப்போனாலும் இதே உதறல்தான்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். பின்சக்கரம் தரையைத் தொடாதபடி பேடாக் ஸ்டாண்டில் தூக்கி, எஞ்சினை அணைத்து, கியரில் போடுங்கள். டயரை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டும்போது பார்வை புல்லியில் இருக்கட்டும். சக்கரம் நகர்ந்தும் புல்லி அசையவில்லை என்றால் ரப்பர் போய்விட்டது. சக்கரமும் புல்லியும் ஒன்றாக நகர்ந்து, பெல்ட்டின் மேல் ஓட்டமும் கீழ் ஓட்டமும் மாறி மாறித் தொங்கினால் பெல்ட் தளர்வு. இரண்டும் சரியாக இருந்து, முன் புல்லியே கொஞ்சம் ஆடி ‘கடக்’ என்றால் அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் இடைவெளி. கொஞ்சம் இருப்பது இயல்பு.

அதே நேரத்தில் டயரை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் சக்கர பேரிங்கையோ ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையோ முதலில் சரிசெய்யுங்கள். ஆடுகிற சக்கரத்தில் பெல்ட் அளவு வைப்பது வீண் வேலை.

முறுக்கும்போது பெல்ட் ‘டக்’ என்று தாவுகிறது

ஓட்டுவதை நிறுத்துங்கள். பெல்ட்டின் பல் புல்லியின் பல்லைத் தாண்டி ஏறி இறங்குகிறது. பெல்ட் மிகவும் தளர்ந்திருக்க வேண்டும், அல்லது பற்கள் போயிருக்க வேண்டும். ஒரு தடவை தாவினாலே பெல்ட்டின் உள்ளே இருக்கும் இழைக்கு அடி விழுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அளவை மட்டும் சரிசெய்து நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். கீழே சொல்லும் பெல்ட் சோதனையை முழுவதும் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

வேகம் கூடக் கூட ஊளை

இதுதான் எனக்குக் கவலை தரும் சத்தம். தளர்ந்த பெல்ட் உதறிக் காட்டிக் கொடுத்துவிடும். இறுகிய பெல்ட் நன்றாகத்தான் ஓடும். வண்டி முன்பைவிட ‘சிக்’கென்று இருக்கிறது என்றுகூடத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்விங் ஆர்ம் எழும்பும்போது, நீள மறுக்கும் இழை முன்பக்கம் கியர்பாக்ஸ் ஷாப்டையும் பின்பக்கம் சக்கர பேரிங்கையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கிறது. பெல்ட்டின் விலையே கை சுடும். அந்த ஷாப்ட் பேரிங் போனால் எஞ்சினைத் திறக்க வேண்டும். மின் வண்டியில் அடி வாங்குவது மோட்டாரின் பேரிங்.

சக்கரத்தைத் தூக்கி நியூட்ரலில் கையால் சுற்றிவிடுங்கள். இரண்டு மூன்று சுற்று தானாகச் சுற்ற வேண்டும். உடனே நின்றால் முதலில் பிரேக் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றித் தொங்கவிட்டு மறுபடி சுற்றினால் தெரிந்துவிடும். பிரேக்கும் இல்லை என்றால் பெல்ட்டை அளந்து பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, ஹப்பின் பெல்ட் பக்கத்தையும் மறுபக்கத்தையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்ப்பதும் உதவும். பெல்ட் பக்கம் மட்டும் வித்தியாசமாகச் சுட்டால் அந்தப் பக்க பேரிங் ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருக்கிறது.

ஊளை, சமீபத்தில் டயர் மாற்றியதற்குப் பிறகு வந்ததா? அப்படியென்றால் அநேகமாகச் செயின் வண்டிக் கணக்கில் யாரோ இறுக்கிவிட்டார்கள். உடனே தளர்த்துங்கள், தள்ளிப்போடும் வேலை இல்லை இது.

ஒரு இடத்தில் இறுக்கம், ஒரு இடத்தில் தளர்வு

நாலைந்து இடங்களில் அளந்தீர்களே, அந்த எண்களைப் பாருங்கள். ஒரு மி.மீ. அரை மி.மீ. வித்தியாசம் எல்லா வண்டியிலும் இருக்கும். அதைவிட நன்றாகவே மாறினால் பின் புல்லி மையம் விலகி உட்கார்ந்திருக்கலாம். புல்லி போல்ட்டுகளைச் சரிபாருங்கள். புல்லியைக் கழற்றி மாட்டியபோது நடுவில் துருவோ மண்ணோ சிக்கியிருந்தால்கூட இப்படி ஆகும். சாக்பீஸ் வித்தை இங்கேயும் வேலை செய்யும். இறுக்கம் டயர் கோட்டோடு வந்தால் புல்லி, பெல்ட் கோட்டோடு வந்தால் பெல்ட்.

பெல்ட் ஒரு ஓரமாகவே ஓடுகிறது, கருப்புத் தூள் கொட்டுகிறது

புல்லியின் ஒரு விளிம்பை லேசாகத் தொட்டபடி பெல்ட் ஓடுவது தப்பில்லை. விளிம்பில் ஏறப்பார்த்து, ஓரம் பஞ்சாகப் பிரிந்து, கீழே கருப்புத் தூள் விழுந்தால்தான் தப்பு. சக்கரத்தைத் தூக்கி, வண்டி முன்னால் போகும் திசையில் பத்துச் சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள். பின்பக்கமாகச் சுற்றினால் பெல்ட் எதிர் ஓரத்துக்குப் போகும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஸ்விங் ஆர்மில் வெட்டியிருக்கும் கோடுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஸ்விங் ஆர்ம் பிவட்டின் மையத்திலிருந்து ஆக்சிலின் மையம்வரை இரண்டு பக்கமும் அளந்து பார்ப்பதுதான் சரி. டேப்பைவிட ஒரு நேரான கம்பியை வெட்டி, ஒரு முனையைக் கூராக வளைத்து பிவட்டில் வைத்து, ஆக்சில் மையம் வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிக்கொள்ளுங்கள். அதே கம்பியை அடுத்த பக்கம் வைத்தால் வளையம் மையத்தில் வர வேண்டும். எண்ணே தேவையில்லை, அரை மி.மீ. வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் பெல்ட் ஓரத்துக்குப் போனால், அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து அட்ஜஸ்டரை ஒரு பட்டை (ஆறு பட்டைத் தலையில் ஆறில் ஒரு சுற்று) மட்டும் இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். பெல்ட் பொதுவாகத் தளர்ந்த பக்கம் சாயும். நிலைமை மோசமானால் திருகியதைத் திருப்பிவிட்டு மறுபக்கம் முயலுங்கள். இந்த வேலைக்குப் பொறுமைதான் முக்கியமான கருவி.

இப்போது திருகலாம்

அளந்தாயிற்று, மற்ற காரணங்களைத் தள்ளியாயிற்று, அளவு உண்மையிலேயே கையேட்டுக்கு வெளியே இருக்கிறது. சரி. ஆக்சில் நட்டில் காட்டர் பின்னோ கிளிப்போ இருந்தால் எடுத்துவிட்டு நட்டைத் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றாதீர்கள், ஆக்சில் நகர்ந்தால் போதும். அட்ஜஸ்டரில் லாக் நட் இருந்தால் அதையும் தளர்த்துங்கள். இரண்டு அட்ஜஸ்டர்களின் தலையிலும் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். அப்புறம் எத்தனை திருகினோம் என்று சந்தேகம் வராது.

இனி ஒரு பட்டை, ஒரு பட்டையாக. அட்ஜஸ்டர் சாதாரண 8 மி.மீ. போல்ட்டாக இருந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு ஆக்சில் 1.25 மி.மீ. நகரும். ஆறு பட்டைத் தலையில் ஒரு பட்டைக்கு 0.2 மி.மீ. மட்டுமே. இதைக் கேட்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் பெல்ட் ஏறக்குறைய நேராக ஓடுகிற நிலையில், ஆக்சில் நகரும் தூரத்தைவிடப் பல மடங்கு நடுவில் ஆட்டம் மாறும். ஒரு பட்டைக்கே ஸ்கேலில் வித்தியாசம் தெரியும். செயின் வண்டியில் அரைச் சுற்று திருகிப் பழகியவர் பெல்ட்டை இறுக்கிக் கெடுப்பது இங்கேதான்.

இடது ஒன்று, வலது ஒன்று, சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றுங்கள், அளந்து பாருங்கள். தளர்த்தும்போது ஆக்சில் தானாக முன்னால் வராது. அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு டயரைப் பின்னாலிருந்து ரப்பர் சுத்தியலால் தட்டி, ஆக்சில் அட்ஜஸ்டரில் போய் உட்கார்ந்ததை உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் முதல் பள்ளத்தில் அது தானாக உட்காரும், உங்கள் அளவு போய்விடும்.

கையேட்டில் இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். ஓடிப் பழகிய பெல்ட்டுக்கு நான் தளர்ந்த முனையையே தேர்ந்தெடுப்பேன். எப்போதும் பின்னால் ஆள் ஏற்றி, சுமை கட்டி ஓட்டுபவர் என்றால் கண்டிப்பாக.

ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். நட் இறுகும்போது ஆக்சில் கொஞ்சம் இழுபடும், அளவு மாறும். இந்தக் கடைசி அளவை எடுக்காமல் வண்டியை வெளியே எடுப்பவர்கள்தான் ‘நான் சரியாத்தான் வச்சேன்’ என்று பிறகு சொல்வார்கள். லாக் நட்டை இறுக்கி, காட்டர் பின் புதிதாகப் போடுங்கள். பழையதை நிமிர்த்திப் போட வேண்டாம். கிளம்புவதற்கு முன்னால் பின் பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். சக்கரம் நகர்ந்ததில் பேட் விலகியிருந்தால் முதல் மிதி வெறும் மிதியாகத்தான் இருக்கும்.

சரிசெய்த ஒரு வாரத்தில் மறுபடி தளர்ந்தால்

மார்க்கர் புள்ளிகளைப் பாருங்கள். புள்ளி இடம் மாறியிருந்தால் லாக் நட் பிடிக்கவில்லை. மாறவில்லை என்றால் ஆக்சில் நட்டைச் சோதியுங்கள். இரண்டும் சரி, பெல்ட்டும் புதிது இல்லை என்றால் சக்கர பேரிங்.

பெல்ட்டையே மாற்ற வேண்டுமா?

பெல்ட்டை உள்பக்கமிருந்து டார்ச் அடித்து, ஒரு முழுச் சுற்றும் பாருங்கள். பல்லின் உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல், ஓரத்தில் இழை கொஞ்சம் பஞ்சாகத் தெரிவது, வெளி ஓரம் சாய்வாகத் தேய்ந்திருப்பது, மேலே லேசான சில்லுகள் பெயர்ந்திருப்பது: இவை இருந்தால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். விரிசல் பல்லின் வெளிப்பக்கம்வரை வந்துவிட்டது, ஒரு பல்லாவது காணவில்லை, பல் கொக்கி மாதிரி ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது என்றால் மாற்ற வேண்டியதுதான். அட்ஜஸ்ட் செய்து காலத்தை ஓட்ட முடியாது.

புல்லியையும் விட்டுவிடாதீர்கள். முலாம் பூசிய அலுமினியப் புல்லி என்றால் ஒரு கூர்முனைக் கம்பியைப் பள்ளத்தின் அடியில், மிதமாக அழுத்தி, குறுக்கே இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய் அடையாளம் விழாவிட்டால் முலாம் நன்றாக இருக்கிறது. கம்பி பிடித்து, பளிச்சென்று கீறல் விழுந்தால் முலாம் தேய்ந்து அலுமினியம் வெளியே வந்துவிட்டது. அந்தப் புல்லியில் புது பெல்ட் போட்டால் அது சீக்கிரமே பழைய பெல்ட் ஆகிவிடும்.

புது பெல்ட்டை வாங்கிக்கொண்டு வரும்போது, இடம் பற்றவில்லை என்று மடக்கி ரப்பர் பேண்ட் போடுவார்கள். வாங்காதீர்கள். முன் புல்லியின் விட்டத்தைவிடச் சிறிய வளையமாக அதை மடக்கக் கூடாது. பல் வெளியே வரும்படி எதிர்ப்பக்கமாகத் திருப்பி வளைக்கவே கூடாது. மடங்கிய இடத்தில் இழை முறிந்திருக்கும், வெளியே ஒரு தடயமும் இருக்காது, ஒரு நாள் பாரத்தில் அதே இடத்தில் அறுபடும். செயின் மாதிரி வழியில் ஒரு கண்ணி போட்டு ஒட்டவும் முடியாது. லோடு ஆட்டோவைக் கூப்பிட வேண்டியதுதான்.